அரைப்பேர்

மேமியோவில் அந்த ஆடி முழுக்கத் துணி காயவில்லை.
கட்டுத்துணிகளை வேகவைத்துப் பிழிந்து
கணப்படுப்பைச் சுற்றித் தொங்கவிடுவோம்.
எவனோ ஒரு துரையின் கோடைவீடு அது.
சுவரில் அவன் மாட்டிப்போன மான்கொம்புகளில்
சுருள்சுருளாகத் துணி.
இன்று ஒருவன் தொடையிலிருந்து அவிழ்த்தது
நாளைக்கு இன்னொருவன் தலைக்கு.

இம்பால் பக்கமிருந்து வந்தவர்கள்
ரயிலில் வந்தார்கள், மாட்டுவண்டியில் வந்தார்கள்.
ஒருவன் இன்னொருவன் முதுகில் வந்தான்.
இறக்கிப் படுக்கவைத்தோம்.
சுமந்தவன்தான் முதலில் செத்தான்.

நான் படித்து வந்த தாதி இல்லை.
சுங்கை கெருயிங் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள்.
விடியுமுன் நெற்றியில் விளக்கு,
முந்நூற்றைம்பது மரம்.
உளி பட்டையில் இறங்கலாம், கட்டையில் படக்கூடாது.
பட்டால் மரத்துக்குக் காயம்
எனக்கு அரைப்பேர்.

ரத்தம் கண்டால் மயங்குவாயா என்று
டாக்டரம்மா முதல்நாள் கேட்டார்.
வெள்ளையாக ஒழுகிப் பார்த்திருக்கிறேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கத்தரியை நீட்டினார்.

கட்டைச் சாய்வாகச் சுற்றவேண்டுமாம்,
கணுக்காலில் தொடங்கி, பாதிமேல் பாதி ஏறி.
எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

படுக்கைமேல் விரிப்பு ரப்பர்.
குழாய் ரப்பர்.
யாரும் பார்க்காதபோது மோந்து பார்ப்பேன்:
டெட்டாலுக்கு அடியில் எங்கோ
புளித்த பால், புகைக்கொட்டகை.
எந்தத் தோட்டத்து மரமோ
எவள் மங்கில் சொட்டியதோ.

பதினேழாம் படுக்கைக்கு வந்தவனுக்கு
தொடையில் குண்டுச் சிதறல்.
சீட்டில் பேர் சி. தேவசகாயம்.
எங்கள் கிராணியின் மகன்.
காய்ச்சலிலும் அப்பன் மூக்கு.
அந்த அப்பன் செக்ரோலில் என் பேருக்கு எதிரே
சிவப்புக்கோடு இழுத்த நாட்கள் பதினொன்று.
எண்ணிவைத்திருக்கிறேன்.
ஒன்று, என் அம்மாவை எடுத்த அன்று.

நான் யாரென்று அவனிடம் சொல்லவில்லை.
தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.
புண்ணில் நெளிந்த புழுக்களைப் பொறுக்கித்
தகரத்தில் போட்டேன்.
அவற்றை எண்ணவில்லை.

நாலாம் இரவு உள்ளே எதுவோ அறுந்தது.
விரிப்பு நிறைந்து தரையில் சொட்டிற்று.
ரப்பர் குழாயை எடுத்துத் தொடையில் முறுக்கினேன்.
மழையில் இற்றுப்போன ரப்பர்
இரண்டாம் முறுக்கில் கையோடு வந்துவிட்டது.

விமானத்துக்குப் பயந்து விளக்கில்லை.
டாக்டரம்மா மூன்று மைலுக்கு அப்பால்
வேறொரு வீட்டில், வேறொருவன் காலை அறுத்துக்கொண்டிருந்தார்.
தொடையிடுக்கில் துடிக்கும் இடத்தைத் தடவிக் கண்டு
இரண்டு பெருவிரலையும் ஊன்றி
முழு உடம்பையும் அதன்மேல் போட்டேன்.
எங்கே கீறினால் பால் வரும் என்று தெரிந்த விரல்கள்.
அடைக்க ஒருநாளும் பழகாதவை.

அவன் பேசிக்கொண்டே இருந்தான்.
ஈப்போவில் வாங்கின சைக்கிள்,
பெல் அடிக்காத சைக்கிள்.
பிறகு, பெரட்டுக்கு மணி அடிச்சாச்சா என்றான்.
இல்லை, இன்னும் இருட்டு, தூங்கு என்றேன்.

கை மரத்துப்போனது.
மரத்துப்போவது என்ற சொல்லை
அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டதுபோல் இருந்தது.
வெளியே பைன்மரங்கள் நனைந்துகொண்டு நின்றன.
யாரும் உளி வைக்காத மரங்கள்.

வெளுத்தபோது டாக்டரம்மா வந்தார்
குடையில்லாமல், கக்கத்தில் பேரேடு.
வாசலில் நின்றே கூப்பிட்டார்.
பதினைந்து. இருக்கேன்.
பதினாறு. பதினாறு ராத்திரியே போய்விட்டது.
பதினேழு.

பெரட்டில் ஒருத்திக்கு இன்னொருத்தி குரல் கொடுத்தால்
ரெண்டு பேருக்கும் அரைப்பேர்.

பதினேழு, என்றார் மறுபடி.
என் விரலுக்கடியில் ஏதோ துடித்தது.
அவன் நரம்பா, என் விரலேதானா, தெரியவில்லை.

இருக்கு, என்றேன்.
முழுப்பேர் போடுங்க.